இப்னு பதூதா: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யார் இந்த இப்னு பதூதா?

மொராக்கோவின் தாஞ்சியர் நகரில் 1304-இல் பிறந்தவர். பெர்பர் இனம், காஜிகள் (இஸ்லாமிய நீதிபதிகள்) பலர் வந்த குடும்பம். 1325 ஜூன் மாதம், 21 வயதில், ஹஜ் செய்யத் தனியாளாக ஊரைவிட்டுக் கிளம்பினார். போன வேலையை முடித்துவிட்டுத் திரும்பியிருந்தால் இரண்டு வருடத்தில் வீட்டில் இருந்திருக்கலாம். அவர் மறுபடி மொராக்கோ மண்ணை மிதித்தது 1349-இல். இடையில் எகிப்து, சிரியா, அரேபியா, ஈராக், பாரசீகம், கிழக்கு ஆப்பிரிக்கக் கரை, இன்றைய துருக்கி, ரஷ்யப் புல்வெளிகள், கான்ஸ்டான்டிநோபிள், மத்திய ஆசியா, டில்லி, கேரளம், மாலத்தீவு, இலங்கை, மதுரை, வங்காளம், சுமத்ரா, சீனா. அப்புறமும் கால் நிற்கவில்லை, ஸ்பெயினின் கிரனாடாவுக்கும், சஹாராவைக் கடந்து மாலி நாட்டுக்கும் போய்வந்தார். மொத்தம் சுமார் 1,17,000 கிலோமீட்டர் என்று பொதுவாகக் கணக்குச் சொல்கிறார்கள். ஊர் திரும்பிய பிறகு இவர் சொல்லச் சொல்ல எழுதப்பட்ட பயண நூல்தான் இவற்றுக்கெல்லாம் ஆதாரம்.

இவ்வளவு ஊர் சுற்றப் பணம் எங்கிருந்து வந்தது? பெரிய பணக்காரரா?

இல்லை. என்னைப் பொறுத்தவரை அவரைப் பற்றிக் கேட்க வேண்டிய முதல் கேள்வியே இதுதான், ஏனென்றால் இதற்குப் பதில் தெரிந்தால் அந்தக் காலத்து உலகமே பிடிபட்டுவிடும்.

அவர் கையில் இருந்த மூலதனம் படிப்பு. குர்ஆன், ஹதீஸ் (நபியின் சொல், செயல் பற்றிய பதிவுகள்), மாலிக்கி மத்ஹபின் சட்டம் (மத்ஹப் என்பது இஸ்லாமியச் சட்ட மரபு; மாலிக்கி, ஹனஃபி, ஷாஃபி எல்லாம் அப்படிப்பட்டவை). பெரிய மேதை என்று சொல்ல முடியாது, நல்ல அடித்தளம் உள்ள ஒரு சட்ட மாணவர், அவ்வளவுதான். ஆனால் மொராக்கோவிலிருந்து சுமத்ரா வரை ஊருக்கு ஊர் பள்ளிவாசல், மதரஸா, சூஃபிகளின் மடம், காஜி நீதிமன்றம் என்று ஒரே மாதிரி அமைப்புகள் இருந்தன. எல்லா இடத்திலும் படித்த ஆளுக்கு மரியாதையும் சாப்பாடும் படுக்க இடமும் இருந்தது. இவற்றுக்கெல்லாம் வருமானம் தந்தது வக்ஃப் சொத்து. ஒருவர் தன் கடையையோ தோட்டத்தையோ வக்ஃபாக எழுதி வைத்தால், அதன் வருமானம் அவர் குறிப்பிட்ட தர்மத்துக்கே போய்க்கொண்டிருக்கும், விற்கவும் முடியாது.

டமாஸ்கஸில் இந்த வக்ஃபுகள் எவ்வளவு நுணுக்கமாக இருந்தன என்பதற்கு அவர் கண்ணால் பார்த்த ஒரு சம்பவத்தைச் சொல்கிறார். தெருவில் ஒரு அடிமைச் சிறுவன் கையிலிருந்த சீனப் பீங்கான் தட்டு தவறி விழுந்து உடைந்துவிட்டது. கூட்டம் கூடிவிட்டது, பையன் வீட்டுக்குப் போனால் அடி நிச்சயம். ஒருவர், "சில்லுகளைப் பொறுக்கு, பாத்திர வக்ஃப் பொறுப்பாளரிடம் கொண்டுபோகலாம்" என்று அழைத்துப் போகிறார். பொறுப்பாளர் உடைந்த துண்டுகளைப் பார்த்துவிட்டு, அதே மாதிரி தட்டு வாங்கப் பணம் கொடுத்துவிடுகிறார். உடைந்த பாத்திரத்துக்கென்றே ஒரு அறக்கட்டளை! ஏழைப் பெண்களின் திருமணச் செலவுக்கு, சிறைப்பட்டவர்களை மீட்பதற்கு, தெருவுக்குத் தளம் போடுவதற்கு, வழிப்போக்கர்களின் சோற்றுக்கு என்று தனித்தனி வக்ஃபுகள் அங்கே இருந்தன. அப்படிப்பட்ட ஊரில் கையில் காசு குறைந்த ஒரு படித்த இளைஞன் பட்டினி கிடக்க வாய்ப்பே இல்லை.

அனத்தோலியாவில், அதாவது இன்றைய துருக்கியில், இன்னும் ஒருபடி மேலே. அங்கே 'அகி' என்ற பெயரில் கைவினைஞர்களும் இளைஞர்களும் சேர்ந்து நடத்திய சங்கங்கள் இருந்தன. பகலில் உழைத்துச் சம்பாதித்ததைச் சாயங்காலம் பொதுவில் போட்டு, வெளியூர்க்காரர் வந்தால் விருந்து வைப்பார்கள். லாதிக் என்ற ஊருக்குள் இவர் நுழையும்போது கடைகளிலிருந்து சிலர் ஓடிவந்து குதிரையின் கடிவாளத்தைப் பிடிக்க, வேறொரு கூட்டம் வந்து அவர்களைத் தடுக்க, கத்தியே வெளியே வந்துவிட்டது. கொள்ளைக்காரர்கள்தான் என்று இவர் நடுங்கிப் போனார். அரபி தெரிந்த ஒருவர் வந்து விளக்கிய பிறகுதான் புரிந்தது: இரண்டு அகி சங்கங்கள், விருந்தாளி யாருக்கு என்று சண்டை. கடைசியில் சீட்டுப் போட்டுப் பார்த்து, ஜெயித்தவர்கள் முதலில் அழைத்துப் போனார்கள்.

இதுபோக அரசர்களின் பரிசு. இதை அவர் கூச்சமே இல்லாமல் எதிர்பார்த்தார். மாலி நாட்டில் மன்சா சுலைமான் வரவேற்புப் பரிசாக மூன்று ரொட்டி, ஒரு துண்டு மாட்டிறைச்சி, ஒரு சுரைக்குடுவையில் தயிர் அனுப்பினார். பட்டாடையும் பணமும் வரும் என்று காத்திருந்தவர் அதைப் பார்த்துச் சிரித்துவிட்டார். பிறகு நேராக அரசரிடமே போய், "எத்தனையோ நாட்டு மன்னர்களைச் சந்தித்திருக்கிறேன், உங்களைப் பற்றி அவர்களிடம் என்ன சொல்லட்டும்?" என்று கேட்டார். தங்கவும் வீடு கிடைத்தது, தங்கமும் கிடைத்தது.

எந்த மொழியில் பேசிச் சமாளித்தார்?

அரபி, அப்புறம் போகப் போகக் கொஞ்சம் பாரசீகம். படித்தவர்களிடையே அரபி எல்லா இடத்திலும் ஓடியது, அரசவைகளில் கிழக்கே போகப் போகப் பாரசீகம். துருக்கி மொழி அவருக்குச் சரியாக வரவில்லை. அனத்தோலியாவில் ஒரு இடத்தில், அரபி தெரியும் என்று ஊரார் நம்பிக்கொண்டிருந்த ஒரு சட்ட அறிஞரை இவரிடம் பேச அழைத்து வந்தார்கள். அவருக்கு உண்மையில் அரபி வராது. ஊர் முன்னால் தலைகுனிய மனமில்லாமல், "இவர்கள் பேசுவது பழைய அரபி, எனக்குத் தெரிந்தது புது அரபி" என்று பாரசீகத்தில் சொல்லிவிட்டார். ஊர்க்காரர்கள் அதையும் நம்பி, நபி பேசிய பழைய மொழியைப் பேசுகிறவர்கள் என்று இவர்களுக்குக் கூடுதலாக உபசாரம் செய்தார்கள்.

அவர் நூலில் 'இஜாஸா' என்று ஒரு சொல் வருகிறதே, அது பட்டமா?

இன்றைய பட்டத்தோடு முழுதாக ஒப்பிட முடியாது. ஒரு குறிப்பிட்ட நூலை ஆசிரியரிடம் கேட்டுப் படித்து முடித்தவருக்கு, "இதை நீ மற்றவர்களுக்குக் கற்பிக்கலாம்" என்று அந்த ஆசிரியர் தரும் அனுமதி. மதரஸாவின் பெயருக்கு அதில் முக்கியத்துவம் இல்லை, தந்த ஆளின் பெயர்தான் முக்கியம். அவர் யாரிடம் படித்தார், அந்த ஆசிரியர் யாரிடம் படித்தார் என்று நூலாசிரியர் வரை சங்கிலி போகும். அதனால்தான் அன்றைய மாணவர்கள் நல்ல ஆசிரியரைத் தேடி மாதக்கணக்கில் பயணம் செய்தார்கள். படிப்பும் பயணமும் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்ததற்கு இதுவே பெரிய காரணம்.

1326 ரமலானில் டமாஸ்கஸின் உமய்யா பள்ளிவாசலில் உட்கார்ந்து புகாரி ஹதீஸ் தொகுப்பை முழுதும் கேட்டதாக இப்னு பதூதா எழுதுகிறார். அங்கே தனக்கு இஜாஸா தந்தவர்கள் என்று ஒரு பட்டியல் தருகிறார், அதில் இரண்டு பெண்கள் இருக்கிறார்கள். ஒருவர் ஸைனப் பின்த் அஹ்மத். அப்போது எண்பதை நெருங்கிய மூதாட்டி, ஹதீஸ் துறையில் அன்றைக்கு மிகப் பெரிய பெயர், மாணவர்கள் தேடித் தேடி வந்த ஆசிரியை. அன்றைய இஸ்லாமிய உலகில் பெண்கள் படிக்கவே இல்லை என்று நினைப்பவர்களுக்கு நான் முதலில் சொல்லும் பெயர் இதுதான். (டமாஸ்கஸில் இவர் தங்கியது மூன்று வாரச் சொச்சம்தான், அதற்குள் இத்தனை இஜாஸாவா என்று சந்தேகப்படும் ஆய்வாளர்களும் இருக்கிறார்கள். சந்தேகம் நியாயமானதுதான்.)

பாரசீகமே சரியாக வராதவர் டில்லியில் நீதிபதி ஆனது எப்படி?

அப்போதைய டில்லி சுல்தான் முகமது பின் துக்ளக்குக்கு வெளிநாட்டு அறிஞர்கள் என்றால் தனிப் பிரியம். உள்ளூர்ப் பிரபுக்களை நம்பாமல், வெளியிலிருந்து வருபவர்களுக்குப் பதவியும் பணமும் அள்ளிக் கொடுத்தார். இந்தச் செய்தி பாரசீகம், மத்திய ஆசியா எல்லாம் பரவி, வேலை தேடி ஆட்கள் வரிசையாக வந்தார்கள். 1330-களில் இப்னு பதூதா வந்ததும் அந்தக் கூட்டத்தில் ஒருவராகத்தான்.

சிந்து எல்லையில் கால் வைத்த உடனேயே, வந்திருப்பவர் யார், உடை என்ன, நடத்தை எப்படி என்று எல்லாவற்றையும் எழுதி ஒற்றர்கள் டில்லிக்கு அனுப்பிவிடுவார்கள். தபால் ஓட்டக்காரன் ஒரு கையில் கடிதமும் மறு கையில் மணி கட்டிய கோலும் வைத்துக்கொண்டு ஓடுவான். அந்தச் சத்தம் கேட்டதும் மைலில் மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் இருக்கும் அடுத்தவன் தயாராக நிற்பான். சிந்துவிலிருந்து டில்லிக்கு ஆட்கள் வர 50 நாள், தபால் வர 5 நாள் என்கிறார்.

சுல்தானைப் பார்க்க வெறுங்கையோடு போகக்கூடாது. ஆனால் கொடுக்கும் பரிசைப்போலப் பல மடங்கு சுல்தான் திருப்பித் தருவார். இதை வைத்தே ஒரு வியாபாரம் நடந்தது. சிந்துவில் வணிகர்கள் புதிதாக வருபவர்களுக்குக் கடனாகவே குதிரை, ஒட்டகம், பரிசுப் பொருள் எல்லாம் தருவார்கள். சுல்தானின் பதில் பரிசு வந்ததும் வட்டியும் முதலுமாகத் தேறிவிடும். இப்னு பதூதாவும் அப்படித்தான் வாங்கினார், பிறகு கைக்கு மீறிச் செலவு செய்து 55,000 தினார் கடனில் போய் நின்றார், கடைசியில் சுல்தானே அதை அடைக்க வேண்டியிருந்தது.

காஜி பதவி கொடுத்தபோது இவரே தயங்கினார்: நான் மாலிக்கி, இங்கே எல்லோரும் ஹனஃபி, மொழியும் தெரியாது. பரவாயில்லை, இரண்டு துணை ஆட்கள் தருகிறேன் என்றார் சுல்தான். ஆண்டுச் சம்பளம் 12,000 தினார்.

அப்படிப்பட்ட வேலையை விட்டுவிட்டு ஏன் போனார்?

உயிர் பயம். அரண்மனை வாசலில் கொல்லப்பட்டவர்களின் உடல்கள் கிடக்காத நாள் அபூர்வம் என்று அவரே எழுதுகிறார். சுல்தானை எதிர்த்துப் பேசிய ஷிஹாபுத்தீன் என்ற ஷைகை (மதப் பெரியவரை) இவர் ஒருமுறை போய்ப் பார்த்திருந்தார். அந்த ஷைக் கொல்லப்பட்டார், இவர் வீட்டைச் சுற்றியும் காவல் போட்டார்கள். அப்படிக் காவல் வந்தால் தப்புவது கஷ்டம். குர்ஆன் வசனம் ஒன்றை ஒரே நாளில் 33,000 தடவை ஓதினேன், ஐந்து நாள் நோன்பிருந்தேன் என்கிறார். எப்படியோ தப்பித்து, சொத்தையெல்லாம் தானம் செய்துவிட்டுத் துறவிபோல ஒதுங்கியிருந்தபோதுதான், சீன அரசரிடம் தூதராகப் போகச் சொல்லிச் சுல்தானிடமிருந்து அழைப்பு வந்தது.

அந்தத் தூதும் கரை சேரவில்லை. கோழிக்கோட்டில் பரிசுப் பொருள்கள் ஏற்றிய கப்பல் புயலில் உடைந்து போனது. வெள்ளிக்கிழமைத் தொழுகைக்காகக் கரையில் தங்கியதால் இவர் பிழைத்தார். கையில் மிஞ்சியது பத்து தினாரும் படுத்திருந்த விரிப்பும். பரிசைத் தொலைத்துவிட்டு டில்லிக்குத் திரும்ப எவனுக்குத் தைரியம் வரும்? மாலத்தீவுக்குப் போய்விட்டார்.

மாலத்தீவில் என்ன செய்தார்?

அங்கேயும் காஜி. இந்த முறை மத்ஹபும் பொருந்தியது, மாலத்தீவில் அப்போது நடைமுறையில் இருந்தது மாலிக்கிச் சட்டம்தான். கதீஜா என்ற ராணி ஆண்டுகொண்டிருந்தார். இப்னு பதூதா அங்கே பிரபுக் குடும்பங்களில் அடுத்தடுத்துத் திருமணம் செய்துகொண்டார். பெண்கள் இடுப்புக்கு மேல் துணி அணியாமல் நடமாடுவதை மாற்ற முயன்றார், ஒருவரும் கேட்கவில்லை, தோற்றேன் என்று ஒப்புக்கொள்கிறார். சோழிகள் அங்கே காசாக ஓடியதையும், அவை வங்காளத்துக்கு அரிசிக்கு மாற்றாகப் போனதையும், கயிறு திரிப்பதையும் அவ்வளவு விவரமாக எழுதியிருக்கிறார். இந்தியப் பெருங்கடல் வணிகத்தைப் பற்றி எழுதுகிற யாரும் இந்தப் பக்கங்களைத் தாண்டிப் போக முடியாது. கடைசியில் வஸீருடன், அதாவது அமைச்சருடன், மனக்கசப்பு முற்றி, 1344-இல் கிளம்பினார்.

இலங்கைக்கு வந்தாரா? அங்கே தமிழ் அரசரைச் சந்தித்தார் என்கிறார்களே?

சந்தித்தார். காற்று திசைமாறி கப்பல் புத்தளம் பக்கம் ஒதுங்கியது. அங்கே ஆரியச் சக்கரவர்த்தி இருந்தார், யாழ்ப்பாண அரசர். அவருக்குப் பாரசீகம் புரிந்தது என்பது எனக்கு மிகவும் பிடித்த தகவல். கடல் வணிகத்தில் பாரசீகம் எவ்வளவு தூரம் வந்திருந்தது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். முத்துக்களைக் காட்டி, உங்கள் பக்கத்தில் இப்படி உண்டா என்று கேட்டார் அரசர். தாராளமாகக் கொடுக்கவும் செய்தார். வேறு என்ன வேண்டும் என்றபோது, ஆதம் மலை உச்சியில் உள்ள பாதச் சுவட்டைத் தரிசிக்க வேண்டும் என்றார் இவர். நான்கு யோகிகள், மூன்று பிராமணர்கள், பத்துப் பரிவாரத்தார், சுமை தூக்க 15 பேர் என்று ஒரு குழுவையே கூட அனுப்பி வைத்தார் அரசர். ஒரு முஸ்லிம் காஜி, இந்து அரசர் அனுப்பிய யோகிகளோடு, இரும்புச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு சிவனொளிபாத மலை ஏறுகிறார். முஸ்லிம்களுக்கு அது ஆதமின் பாதம், சைவர்களுக்குச் சிவனின் பாதம், பௌத்தர்களுக்குப் புத்தரின் பாதம்.

மதுரையில் என்ன பார்த்தார்?

இதைத்தான் நம்மவர்கள் அதிகம் கேட்கிறார்கள். மதுரை சுல்தானகத்தை டில்லியிலிருந்து பிரித்துத் தனி ஆட்சியாக்கியவர் ஜலாலுத்தீன் அஹ்சன் ஷா. அவருடைய மகள் ஒருத்தியை இப்னு பதூதா டில்லியில் இருந்தபோதே மணந்திருந்தார். இவர் தமிழகக் கரைக்கு வந்தபோது ஆண்டுகொண்டிருந்த கியாசுத்தீன் தாமகானி, அதே அஹ்சன் ஷாவின் இன்னொரு மகளை மணந்தவர். ஆக, இவருக்குச் சகலை. இலங்கையிலிருந்து வந்த கப்பல் கரைக்குப் பக்கத்தில் தரைதட்டி உயிர் ஊசலாடியபோது காப்பாற்ற ஆள் வந்ததும், பிறகு ராஜ மரியாதை கிடைத்ததும் இந்த உறவால்தான். மாலத்தீவின் மேல் படையெடுக்கலாம் என்று சுல்தானுக்கு யோசனை சொன்னதும் இவரே. அதில் பெருமைப்பட ஒன்றும் இல்லை.

ஆனால் உறவுக்காக அவர் கண்ணை மூடிக்கொள்ளவில்லை. காட்டில் பிடிபட்ட மக்களை, பெண்களையும் குழந்தைகளையும் சேர்த்து, சுல்தான் கொன்ற விதத்தை வரிவரியாக எழுதியிருக்கிறார். கழுமரத்தை அவர்கள் தோளிலேயே சுமக்கவைத்து, மறுநாள் அதிலேயே ஏற்றினார்கள். வேறெந்த அரசனும் இப்படிச் செய்து நான் கேள்விப்பட்டதில்லை, இதனால்தான் இறைவன் அவன் சாவை விரைவாக்கினான் என்கிறார். ஹொய்சள மன்னர் மூன்றாம் வல்லாளரைக் கொன்று, தோலுக்குள் வைக்கோலைத் திணித்து மதுரை மதிலில் தொங்கவிட்டிருந்ததையும் பார்த்ததாக எழுதுகிறார். தன் மதத்தைச் சேர்ந்தவன், தனக்குச் சோறு போட்டவன், சொந்தக்காரன், இருந்தும் செய்தது அக்கிரமம் என்று எழுதி வைத்தார் பாருங்கள், அந்த நேர்மைக்காகவே அவரை நான் மதிக்கிறேன்.

அப்போது மதுரையில் கொள்ளைநோய் பரவியிருந்தது. பிடித்தவர்கள் இரண்டு, மூன்று நாளில், அதிகம் போனால் நாலாம் நாளில் செத்தார்கள். சுல்தானும் விரைவிலேயே இறந்தார், நாஸிருத்தீன் பட்டத்துக்கு வந்தார். இப்னு பதூதாவுக்கும் காய்ச்சல் வந்தது, பிழைத்துக்கொண்டு ஊரைவிட்டுப் போனால் போதும் என்று கிளம்பிவிட்டார்.

அவர் அடிமைகளை வைத்திருந்தாரா?

ஆமாம், வாங்கினார், விற்றார், பரிசாகப் பெற்றார், கொடுத்தார். போகிற ஊரில் எல்லாம் அடிமைப் பெண்கள் கூட இருந்தார்கள். மதுரையில் நோயில்லை என்று உத்தரவாதம் சொல்லி விற்ற ஒரு பெண்ணை வாங்கினார், மறுநாளே அவள் இறந்துபோனாள். அவள் பெயர்கூட அவர் எழுதவில்லை. திருமணங்களும் அப்படித்தான், ஊரைவிட்டுக் கிளம்பும்போது விவாகரத்து. அன்றைக்கு எல்லோரும் செய்ததுதானே என்று தள்ளிவிட என்னால் முடியவில்லை. அந்த அறிவுலகம் சுழன்றதில் இந்த மனிதர்களின் உழைப்பும் இருக்கிறது.

எழுதியதெல்லாம் உண்மையா?

பெரும்பகுதி உண்மை, சில இடங்கள் இல்லை. 1355-இல் மொராக்கோவின் மரினிய சுல்தான் அபூ இனான் சொல்லி, இப்னு ஜுஸய் என்ற இளம் எழுத்தாளரிடம் இவர் வாயால் சொல்லச் சொல்ல எழுதப்பட்ட நூல் அது. கையில் முழுக் குறிப்புகள் இல்லை. புகாராவில் அறிஞர்களின் கல்லறைகளிலிருந்து எழுதி எடுத்ததையெல்லாம் இந்தியக் கடலில் கொள்ளையர்கள் பறித்துவிட்டார்கள். கிட்டத்தட்ட 30 வருட நினைவு. வருடங்கள் முன்பின் மாறுகின்றன. டமாஸ்கஸ், மக்கா பற்றிய பல பக்கங்களை, 1180-களில் பயணம் செய்த இப்னு ஜுபைரின் நூலிலிருந்து இப்னு ஜுஸய் எடுத்துக்கொண்டார். இப்னு தைமிய்யா என்ற புகழ்பெற்ற மத அறிஞர் டமாஸ்கஸில் பிரசங்கம் செய்ததைப் பார்த்தேன் என்கிறார். ஆனால் இவர் ஊருக்குள் வரும் முன்பே இப்னு தைமிய்யாவைச் சிறையில் அடைத்தாயிற்று. வோல்கா கரையிலிருந்த பல்கார் நகருக்குப் போனதாகச் சொல்வதை ஆய்வாளர்கள் ஏற்பதில்லை, பெய்ஜிங் வரை போனதும் சந்தேகம்தான்.

மறுபக்கம், மதுரை சுல்தான்களின் பெயர்கள் கிடைத்திருக்கும் காசுகளோடு பொருந்துகின்றன. அவர் காலத்திலேயே மொராக்கோ அரசவையில் பொய் சொல்கிறார் என்று முணுமுணுத்தார்கள். பின்னாளில் பெரிய வரலாற்றாசிரியரான இப்னு கல்தூனும், அப்போது இளைஞர், அப்படியே நினைத்து ஒரு வஸீரிடம் சொன்னபோது, அவர் சிறையில் வளர்ந்த ஒரு பையனின் கதையைச் சொன்னாராம்: எலியைத் தவிர வேறு பிராணியே பார்க்காத அவனுக்கு, ஆடு மாடு பற்றி அப்பா எவ்வளவு விளக்கினாலும் எலி மாதிரியே தோன்றியதாம். நாம் பார்க்காததால் இல்லை என்று சொல்லிவிடாதே என்பது அவர் அறிவுரை.

மார்க்கோ போலோவோடு ஒப்பிட்டால்?

போலோ வணிகர், தனக்கு அந்நியமான உலகத்துக்குள் போனவர். இவர் பெரும்பாலும் தனக்குப் பழகிய அமைப்புகளுக்குள்ளேயே நடந்தார். அதனால் இவர் கண்ணில் பட்டவையும் வேறு: யார் காஜி, எந்த மத்ஹப், தொழுகை எப்படி, விருந்தோம்பல் எப்படி. சுமத்ராவில் பாசை என்ற நாட்டின் சுல்தான் ஷாஃபி சட்ட அறிஞர்களோடு விவாதிப்பதைக் குறித்திருக்கிறார். மலபார் கரையிலும் நம் காயல்பட்டினம், கீழக்கரையிலும் இன்றுவரை ஷாஃபிதான், அந்தக் கடல்வழித் தொடர்பு புரிகிறதல்லவா.

இவர் ஒருவர்தான் இப்படிச் சுற்றினாரா?

நிச்சயமாக இல்லை. எழுதி வைத்ததால் இவரைத் தெரிகிறது. சீனாவில் ஒரு ஊரில், செல்வாக்கான ஒரு அறிஞர் இவரைப் பார்க்க வந்தார். பேச்சுக் கொடுத்தால், ஆள் தாஞ்சியருக்குப் பக்கத்து ஊரான ஸப்தாவைச் சேர்ந்த அல்புஷ்ரி! இருவரும் அழுதுவிட்டார்கள். பல வருடம் கழித்துச் சஹாரா ஓரத்து ஸிஜில்மாஸாவில் அதே அல்புஷ்ரியின் சகோதரர் வீட்டில் இப்னு பதூதா தங்கினார். அந்தச் சகோதரர்கள் இருவரும் நூல் எழுதவில்லை, அதனால் அவர்கள் போன வழி நமக்குத் தெரியாது. இவருக்கு 300 வருடம் முன்பே அல்பிரூனி கஜ்னி முகமதின் காலத்தில் இந்தியா வந்து, சமஸ்கிருதம் படித்து, சுமார் 1030-இல் இந்தியாவைப் பற்றி ஒரு பெரிய நூல் எழுதினார். அறிவின் ஆழத்தில் இப்னு பதூதா அவர் பக்கத்தில் நிற்க முடியாது.

நூல் எப்படி நம் காலம் வரை வந்தது? எங்கிருந்து படிக்கத் தொடங்கலாம்?

வட ஆப்பிரிக்காவில் கையெழுத்துப் பிரதிகளாகச் சுற்றிக்கொண்டிருந்தது. 1830-இல் பிரான்ஸ் அல்ஜீரியாவைப் பிடித்த பிறகு சில பிரதிகள் பாரிஸுக்குப் போயின, 1850-களில் அரபி மூலமும் பிரெஞ்சு மொழிபெயர்ப்பும் நான்கு தொகுதிகளாக அச்சாயின. உலகம் இவரைப் பரவலாக அறிந்தது அதற்குப் பிறகுதான்.

முதல் பக்கத்திலிருந்து தொடங்க வேண்டாம் என்பது என் கருத்து. எகிப்து, மக்கா பகுதிகள் கட்டிடங்களும் பெயர்ப் பட்டியலுமாக நீளும், பலர் அங்கேயே மூடி வைத்துவிடுகிறார்கள். கோழிக்கோட்டில் கப்பல் உடையும் இடத்திலிருந்து ஆரம்பித்து மாலத்தீவு, இலங்கை, மதுரை வரை ஒரே மூச்சில் படியுங்கள். பிறகு டில்லிக்குத் திரும்பிப் போய் துக்ளக்கைப் படிக்கலாம். மாலியைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். அங்கே தயிரைப் பற்றிக் குறைப்பட்ட அதே மனிதர்தான், இந்த நாட்டில் அநியாயம் குறைவு, வழிப்போக்கனுக்கும் ஊர்க்காரனுக்கும் திருடர் பயமே இல்லை, செத்துப்போன வெளியூர்க்காரனின் சொத்தைக்கூட யாரும் தொடுவதில்லை என்று அந்த மக்களை மனம் திறந்து பாராட்டுகிறார்.